பன்ட் துப்பாக்கியைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான துப்பாக்கி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கீழே பாதிப் பேர் "போட்டோஷாப்" என்றும், மீதிப் பேர் "யானை சுடுகிற துப்பாக்கி" என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் இல்லை. அப்படிப்பட்ட துப்பாக்கிகள் நிஜமாகவே இருந்தன. சுட்டது வாத்துகளை. பெயர் பன்ட் கன். ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் வகையிலேயே மிகப் பெரியது இதுதான். இங்கிலாந்தில் சில இன்றும் சட்டப்படி சுடப்படுகின்றன.

நான் இங்கிலாந்தின் எசெக்ஸ் கடற்கரையில் ஒரு சின்னஞ்சிறு அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைகளில் தன்னார்வலராக நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறேன். பன்ட் துப்பாக்கி முன்னால் வந்து நிற்பவர்கள் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், ஒரு செல்ஃபி எடுக்கிறார்கள், அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. இந்த இரும்புக் குழலில் ஒரு கடற்கரையின் பிழைப்பும், ஒரு பறவைக் கூட்டத்தின் தலைவிதியும், இரண்டு நாடுகளின் சட்டமும் இருக்கின்றன. கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும், எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், துப்பாக்கியைப் பார்க்காதீர்கள். படகைப் பாருங்கள்.

நல்ல அருங்காட்சியகமாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். பன்ட் என்பது தட்டையான அடியுள்ள, தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும் படகு. ஓர் ஆள் படுக்கிற படகு என்றால் ஏறத்தாழ 16 முதல் 18 அடி நீளம்; இருவர் படுப்பது 22, 24 அடி வரை போகும். எங்கள் ராமநாதபுரம் பக்கத்து வத்தையை இன்னும் ஒல்லியாக்கி, முன்பாதியைப் பலகையால் மூடிவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. மங்கிய சாம்பல் வெள்ளை நிறம் அடித்திருப்பார்கள். விடியலில் சேற்றுத்திட்டுக்கும் வானத்துக்கும் நடுவே அது கண்ணுக்குத் தெரியாது. வேட்டைக்காரர் அதில் குப்புறப் படுத்து, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, சிறு துடுப்பாலோ குட்டையான கழியாலோ சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவார். தலையைத் தூக்கினால் பறவைகள் எழும்பிவிடும். கழிமுகத்தில் நீர் ஏறும்போதும் வடியும்போதும் பறவைகள் எந்தத் திட்டில் ஒதுங்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

படகின் உள்ளே எட்டிப் பார்த்தால் முதுகுக்கும் முழங்காலுக்கும் சாய்மானம் எதுவும் இருக்காது, வெறும் பலகைதான். ஜனவரி மாதத்து எசெக்ஸ் விடியலில், ஈரப் பலகையில் மணிக்கணக்காகக் குப்புறக் கிடப்பது விளையாட்டு வேலை இல்லை. பொழுதுபோக்காகச் செய்த பணக்காரர்களும் உண்டு. ஆனால் இந்தக் கரையில் பலருக்கு அது குளிர்கால வருமானம். பிராட்வெல் ஊருக்கு வெளியே, 7ஆம் நூற்றாண்டில் கட்டிய செயின்ட் பீட்டர் தேவாலயத்தைத் தாண்டிக் கடற்சுவருக்கு அப்பால் ஒரு மரக்குடில் இன்னமும் நிற்கிறது. வால்டர் லின்னெட் என்ற தொழில்முறை வாத்து வேட்டைக்காரர் வாழ்ந்த இடம். அதன் அளவைப் பார்த்தாலே அந்தத் தொழிலில் எவ்வளவு காசு கிடைத்திருக்கும் என்று புரிந்துவிடும்.

படகின் மூக்கில் ஒரு துளை இருக்கிறதா என்று தேடுங்கள். முனைக்கட்டையைக் குடைந்து, கட்டைவிரலைவிடத் தடிமனான கயிறு நுழைகிற அளவுக்கு ஒரு வழி செய்திருப்பார்கள். இந்தத் துப்பாக்கியின் வடிவமைப்பில் மிக முக்கியமான இடம் அதுதான், பெரும்பாலோர் கவனிக்காததும் அதுதான். சாதாரண ஷாட்கன் சுடும்போது பின்னுதையைத் தோள் வாங்கிக்கொள்கிறது. பன்ட் துப்பாக்கியின் பின்னுதையை எந்தத் தோளும் தாங்காது. ஆகவே குழலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் இரும்புக் காதுகளில் கயிற்றை மாட்டி, அந்தக் கயிற்றைப் படகின் முனை வழியாகக் கோத்துவிடுகிறார்கள். வெடித்ததும் துப்பாக்கி பின்னால் பாயும், கயிறு இறுகும், உதை முழுவதும் படகின் முனைக்குப் போய்ப் படகே பின்னோக்கி நகரும். ஆளுக்கும் துப்பாக்கிக்கும் தொடர்பு ஒரு விசைக்கயிறு மட்டும். பின்கட்டையில் முகத்தை வைத்துப் பார்ப்பவர் யாராவது இருந்திருந்தால் அவருடைய தாடை மிஞ்சியிருக்காது. பிற்காலத்தில் சில துப்பாக்கிகளில் கயிற்றுக்குப் பதிலாகவோ கூடவோ கனத்த சுருள்வில் வைத்தார்கள். எது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறி பார்ப்பதும் படகுதான். இடது வலது திருப்ப வேண்டுமென்றால் படகைத் திருப்ப வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் குழலுக்கு அடியில் ஒரு தாங்கி இருக்கும். பின்புறத்தை லேசாக அமுக்கினால் குழல்வாய் உயரும்.

இப்போது குழல்வாய்க்கு வாருங்கள். எல்லாக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது.

பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "எத்தனை அடி?" என்பதாகவே இருக்கிறது. நீளம் முக்கியமில்லை. குழல் ஏழடியோ பத்தடியோ இருக்கலாம், எடை ஒரு முதிர்ந்த ஆட்டின் எடையிலிருந்து ஓர் ஆளின் எடை வரை வேறுபடலாம். துப்பாக்கியின் தரத்தையும் சட்டத்தில் அதன் இடத்தையும் தீர்மானிப்பது உள்விட்டம். கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, குழல்வாய்க்குக் குறுக்கே ஒரு அளவுகோலைத் தொடாமல் பிடித்துப் பாருங்கள். அளவுகோல் இல்லையென்றால் கையிலுள்ள இரண்டு பவுண்டு நாணயத்தை அருகே பிடியுங்கள். அதன் விட்டம் 28.4 மி.மீ. வங்கி அட்டையின் குறுகிய பக்கம் 54 மி.மீ. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான பன்ட் துப்பாக்கிகள் விழும்.

ஷாட்கன்னின் 'போர்' (bore) எண், அதாவது குழல் அளவைக் குறிக்கும் எண், எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை ஒன்று சரியாக நுழையும் குழல் 12 போர். அதன் விட்டம் 18.5 மி.மீ. 4 உருண்டைகளாக வார்த்தால் 4 போர், 26.7 மி.மீ. எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிதாகும். ஒரு பவுண்டும் ஒரே உருண்டை என்றால் 1 போர், 42.4 மி.மீ. பன்ட் துப்பாக்கிகள் அதையும் தாண்டிப் போனதால் அந்த எண்முறையே திணறிவிட்டது. குழல் வெடியைத் தாங்குமா என்று சோதித்து முத்திரையிடுவதற்காக 1868இல் வந்த பிரிட்டிஷ் குழல் சோதனைச் சட்டம் பெரிய குழல்களுக்கு எழுத்துகளைக் கொடுத்தது. A என்றால் 2 அங்குலம். அடுத்தடுத்த எழுத்துக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வரும். E என்றால் 1.75 அங்குலம். நடுவே I என்ற எழுத்தை விட்டுவிட்டார்கள்; அதனால் J என்பது 1.5 அங்குலம். குழலின் பின்பகுதியில் அடித்திருக்கும் முத்திரைகளுக்கு இடையே ஒற்றை எழுத்து தெரிந்தால் அது கைவினைஞர் பெயரின் முதலெழுத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை, விட்டத்தின் குறியாகவும் இருக்கலாம். 1.75 அங்குலம் என்ற எண்ணை மட்டும் மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

இவ்வளவு பெரிய குழல் எதற்கு? இன்றைய 12 போர் தோட்டாவில் ஏறத்தாழ 30 கிராம் ரவை இருக்கும். (நம்மூரில் நாட்டுத் துப்பாக்கியில் போடுகிற பால்ரஸ் குண்டுகளைச் சொல்கிறேன்.) பன்ட் துப்பாக்கியில் ஒரே தடவையில் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ரவை போகும், அதற்கு மேல் வாங்கியவையும் உண்டு. பறக்கிற ஒரு பறவையைக் குறிவைப்பதற்கான ஆயுதம் இல்லை இது. தண்ணீரில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் கூட்டத்தின் மீது, அறுபது எழுபது கஜத்திலிருந்து, ஒரே ஒரு வெடி. நன்றாக அமைந்தால் ஐம்பது பறவைகள் வரை ஒரே வெடியில் சாயும். அமையாத நாட்களே அதிகம். ராத்திரி முழுக்கக் கிடந்து, கிட்டே நெருங்கியபோது எங்கோ ஒரு உள்ளான் கத்தி மொத்தக் கூட்டமும் எழும்பிப் போனால் அன்றைக்கு ஒன்றுமில்லை. இந்தக் கரையில் சுடப்பட்டவற்றில் முக்கியமானது விஜியன், நம்மூரில் நாமத்தலை வாத்து என்கிறோமே, கோடியக்கரைக்கும் பள்ளிக்கரணைக்கும் குளிர்காலத்தில் வருமே, அதே இனம்.

அடுத்து, நெருப்பு எப்படிப் பற்றுகிறது என்று பாருங்கள். வயதைக் கணிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. குழலின் வலப்பக்கம் ஒரு சிறு கிண்ணமும், கல்லைக் கவ்விப்பிடிக்கும் தாடையும் இருந்தால் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. செப்புத் தொப்பி மாட்டும் முலைக்காம்பும் சுத்தியும் இருந்தால் கேப் துப்பாக்கி, பெரும்பாலும் 1820களுக்குப் பிறகு. பின்பக்கம் திருகிக் கழற்றித் தோட்டா போடும்படி இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்கும் பிந்தையது. ஆனால் ஒன்று: பழைய கல் துப்பாக்கிகளைக் கேப்புக்கு மாற்றியவர்கள் ஏராளம். கிண்ணம் இருந்த இடத்தில் அடைத்த தழும்பு, பூட்டுத்தகட்டில் பொருந்தாத ஆணித் துளைகள் தெரிந்தால் அது மாற்றப்பட்டது.

கேப் முறைக்கே வாத்து வேட்டையோடு உறவு உண்டு. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வியில் போதகராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் ஒரு வாத்து வேட்டைப் பிரியர். கல் துப்பாக்கியில் கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிந்து, ஒரு கணம் கழித்துத்தான் குழல் வெடிக்கும். அந்த ஒரு கணத்தில் பறவை முங்கிவிடும். அதைத் தீர்க்க அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் பூட்டை உருவாக்கி 1807இல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்து எல்லாத் தோட்டாக்களின் பற்றுமுறையும் அங்கிருந்துதான் கிளம்பியது.

இந்த இரண்டு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் வைத்தவர் கர்னல் பீட்டர் ஹாக்கர். 1809இல் ஸ்பெயினின் டலவேராப் போரில் காயம்பட்டு, பிறகு ஹாம்ப்ஷயரின் கீஹேவன் கரையில் குடில் போட்டு வாத்து சுட்டுக் காலம் கழித்தவர். அவர் செய்வித்த இரட்டைக்குழல் பன்ட் துப்பாக்கியின் எடை 87 கிலோவுக்கு மேல். ஒரு குழல் கேப், மற்றொன்று கல். இரண்டு விசையையும் சேர்த்து இழுத்தால் கேப் குழல் முதலில் வெடிக்கும், கல் குழல் இம்மியளவு தாமதித்து வெடிக்கும். முதல் வெடி உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு, இரண்டாவது எழும்பும் கூட்டத்துக்கு. மெதுவாகப் பற்றுவது கல் துப்பாக்கியின் குறை. அந்தக் குறையையே அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வடிவமைப்பாக இதை எனக்குப் பிடிக்கும். எதற்காக என்று நினைத்தால் கசக்கும்.

முத்திரைகளில் நேரம் அதிகம் செலவிட வேண்டாம். கிரீடத்துக்குக் கீழே GP என்றிருந்தால் லண்டன் சோதனைச் சாலை. ஒன்றையொன்று குறுக்கிட்ட இரண்டு செங்கோல்கள் என்றால் பர்மிங்காம், 1813க்கும் 1904க்கும் இடையே. கிரீடமும் BP என்ற எழுத்தும் என்றால் 1904க்குப் பிந்திய பர்மிங்காம். எந்த முத்திரையும் இல்லையென்றால் உள்ளூர்க் கொல்லர் வேலையாக இருக்கலாம், அல்லது அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம். அங்கே இப்படி ஒரு அரசுச் சோதனை முறை கிடையாது.

அமெரிக்கக் கதையைச் சொல்லாமல் சட்டம் புரியாது.

மேரிலாந்து, வர்ஜீனியாவை ஒட்டிய செசபீக் விரிகுடாவின் தலைப்பகுதியில் சஸ்குவஹானா ஆறு கலக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு இருக்கிறது. அங்கே வளர்ந்த நீர்ச்செடியைத் தின்ன கேன்வாஸ்பேக் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. அந்த இறைச்சிக்குப் பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் உணவகங்களில் தனி விலை. ரயிலும் பனிக்கட்டியும் வந்ததும் சுட்டதை மறுநாளே நகரத்தில் விற்க முடிந்தது. இங்கிலாந்தில் பன்ட் துப்பாக்கி ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கஞ்சி என்றால், அங்கே அது மொத்த வியாபாரம். படகின் முனையில் மண்ணெண்ணெய் விளக்கும் கண்ணாடியும் வைத்து இரவில் நெருங்கினார்கள். வெளிச்சத்தைப் பார்த்து மயங்கி நின்ற வாத்துகள் மேல் வெடித்தார்கள். ஒற்றைக் குழல் போதாதென்று பல குழல்களை விரித்து அடுக்கி ஒரே நேரத்தில் பற்றவைக்கும் பேட்டரி துப்பாக்கிகளும் செய்தார்கள். மேரிலாந்தின் செயின்ட் மைக்கேல்ஸ் ஊரிலுள்ள செசபீக் விரிகுடா கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இவற்றைத் தேடிப் பாருங்கள். நேர்த்தியான லண்டன் வேலைப்பாடு இருக்காது, கரடுமுரடாக இருக்கும். ஆனால் அந்தக் கரடுமுரடுதான் அந்த வரலாற்றின் உண்மையான முகம்.

மாநிலங்கள் தனித்தனியாகத் தடுத்துப் பார்த்தன. பறவைக்கு மாநில எல்லை கிடையாது, இறைச்சி வண்டிக்கும் கிடையாது. 1900இல் வந்த லேசி சட்டம் மாநிலச் சட்டத்தை மீறிச் சுட்ட விலங்கு, பறவைகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைக் குற்றமாக்கியது. 1916இல் கனடாவின் சார்பில் பிரிட்டனோடு வலசைப் பறவை உடன்படிக்கை, அதைச் செயல்படுத்த 1918இல் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம். விற்பதற்காகச் சுடுவது சட்டப்படி அத்தோடு முடிந்தது. மிசௌரி மாநிலம் "பறவைகள் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை" என்று வழக்குப் போட்டது. 1920இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் நின்றது. இன்றைய கூட்டாட்சி விதியில் வலசைப் பறவை வேட்டைக்கு ஆகாதவை என்ற பட்டியலில் பொறி, கண்ணி, வலை, விஷம், வெடிமருந்து, பேட்டரி துப்பாக்கி ஆகியவற்றோடு பன்ட் துப்பாக்கியும் பெயர் சொல்லியே இருக்கிறது. ஷாட்கன் 10 போருக்கு மேல் போகக் கூடாது, அதாவது 19.7 மி.மீ. ஆனாலும் செசபீக்கில் இருட்டில் ஒளித்து ஒளித்துச் சுடுவது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. அதிகாரிகள் தேடிப்பிடித்துப் பறித்தவற்றில் சிலதான் இன்று கண்ணாடிக்குள் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டம் அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்காதே என்று சொல்லவில்லை, பறவையைச் சுடாதே என்கிறது. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி அந்நாட்டுக் கூட்டாட்சி ஆயுதச் சட்டப்படி பழம்பொருள். வீட்டுச் சுவரில் தொங்கவிடலாம். வாத்து மேல் நீட்டினால் குற்றம்.

பிரிட்டன் முழுத் தடை போடவில்லை. அளவு வைத்தது. இதில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. காரணம், ஒரே குழலை இரண்டு சட்டங்கள் வேறு வேறு அளவால் அளக்கின்றன. 1968ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், குழல் 24 அங்குலத்துக்குக் குறையாமலும், துளை 2 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருந்தால் அது ஷாட்கன் என்கிறது. அதற்கு ஷாட்கன் சான்றிதழ் போதும். 2 அங்குலத்தைத் தாண்டினால் அது சட்டத்தின் கண்ணில் ஷாட்கன்னே இல்லை. ரைஃபிளுக்குக் கேட்கும் கடுமையான உரிமம் வேண்டும். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டமோ, குழல்வாயில் உள்விட்டம் 1.75 அங்குலத்துக்கு மேல் இருக்கும் ஷாட்கன்னால் எந்தக் காட்டுப் பறவையையும் கொல்லக் கூடாது என்கிறது. 1.75 என்பது மேலே சொன்ன E.

ஆகவே குழல்வாயில் அளந்ததும் மூன்றில் ஒன்று தெரிந்துவிடும். 44.45 மி.மீ.க்குள் (1.75 அங்குலம்) என்றால் உரிய சான்றிதழோடு, பருவத்தில், அனுமதிக்கப்பட்ட இனங்களை இன்றும் சுடலாம். 44.45க்கும் 50.8க்கும் (2 அங்குலம்) நடுவே என்றால் சட்டப்படி அது ஷாட்கன்தான், ஆனால் பறவை மேல் ஆகாது. அதற்கும் மேல் என்றால் தனி உரிமம், பறவைக்கு அப்போதும் ஆகாது. சுடுவது என்றால் பறவையைத்தான் சுட வேண்டும் என்பதில்லையே. லிங்கன்ஷயரின் கபிட் வாஷ் என்ற இடத்தில் 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவிலிருந்து அரச விழாக்களுக்குப் பன்ட் துப்பாக்கி மரியாதை செலுத்துகிறார்கள். 2012இல் 21 துப்பாக்கிகளைத் தனித்தனியாகவும், பிறகு ஒன்றாகவும் வெடித்தார்கள்.

வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. 1981 சட்டம் விசைப்படகில் பறவைகளைத் துரத்திச் சுடுவதையும், செயற்கை வெளிச்சம் காட்டிச் சுடுவதையும் தடுக்கிறது. செசபீக் விளக்குக்கு இங்கே இடமில்லை. இங்கிலாந்தில் வாத்துப் பருவம் செப்டம்பர் 1 முதல். உள்நாட்டில் ஜனவரி 31 வரை, கடலோரம் உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே பிப்ரவரி 20 வரை. காட்டுப் பெருவாத்து (goose) இறைச்சி விற்பனையை 1967ஆம் ஆண்டின் சட்டம் நிறுத்தியது. பிழைப்புக்காகப் பன்ட் ஓட்டியவர்களின் காலம் முடிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. துப்பாக்கியை அது தடுக்கவில்லை, பெருவாத்துச் சந்தையை மூடியது. 1999இல் இங்கிலாந்தில் வாத்துகளைச் சுட ஈய ரவை தடை செய்யப்பட்டது. பறவைகள் தீனி அரைக்கப் பொடிக்கற்களை விழுங்கும். சேற்றில் விழுந்த ரவையையும் கல்லென்று விழுங்கி விஷமேறிச் சாகும். ஈயத்துக்குப் பதில் எஃகு என்றால் பழைய மென்மையான இரும்புக் குழல்களுக்கு ஒத்துவராது. பல துப்பாக்கிகள் சுவருக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1995இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே பிரிட்டனில் புழக்கத்தில் இருந்தவை ஐம்பதுக்கும் குறைவு.

பன்ட் துப்பாக்கியை முழுக்கக் கெட்ட பொருளாகக் காட்டும் விளக்கப் பலகைகளோடு எனக்கு உடன்பாடில்லை. எசெக்ஸ் கரையின் பிரென்ட் பெருவாத்து 1930களில் சரிந்ததற்குத் துப்பாக்கியோடு, அது தின்னும் கடற்புல் நோயால் அழிந்ததும் பெரிய காரணம். பிறகு சுடுவதும் தடுக்கப்பட்டது, புல்லும் மீண்டது, இன்று குளிர்காலத்தில் அவை கடற்சுவரைத் தாண்டி வயல்களில் மேய்கின்றன. பறவைப் பாதுகாப்பின் முன்னோடிகளில் சிலர் இந்தப் படகில் படுத்துப் பழகியவர்கள். 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவை அறக்கட்டளையைத் தொடங்கிய பீட்டர் ஸ்காட் இளமையில் பன்ட் வேட்டைக்காரர். 1908இல் வாத்து வேட்டைக்காரர்களுக்குச் சங்கம் தொடங்கிய ஸ்டான்லி டங்கனும் அப்படியே. பறவை எந்தச் சேற்றில் எந்த நீருக்கு இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுதான் பிறகு கணக்கெடுப்புக்கும் சரணாலயத்துக்கும் பயன்பட்டது.

கடைசியாக, வீட்டிலோ பழைய பண்ணைக் கொட்டகையிலோ இப்படியொன்று கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. சிரிக்காமல் கேளுங்கள், வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் நூறு வருடம் கழித்தும் மருந்தோடு கிடைப்பது உண்டு. கருமருந்து ஈரத்தில் கெடும், காய்ந்தால் மறுபடி உயிர் பெறும். அதனால் நெருப்பு, வெல்டிங், துளைபோடும் இயந்திரம் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். குழல்வாய்க்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நின்று, மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். எதிலும் இடிக்காதீர்கள், குத்தாதீர்கள். நின்ற இடத்தில் வாயருகே பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுங்கள். அதே குச்சியைக் குழலின் மேல், கோடு வாயோடு ஒட்டும்படி படுக்க வையுங்கள். குச்சியின் நுனி கேப் மாட்டும் முலைக்காம்பு வரை எட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. துருவாக இருக்கலாம், கந்தல் துணியாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். நீங்களே எடுக்க முயல வேண்டாம். பிரிட்டனில் என்றால் காவல்துறையின் ஆயுத உரிமப் பிரிவைக் கூப்பிடுங்கள், அவர்கள் தகுந்த துப்பாக்கிக் கைவினைஞரைச் சொல்வார்கள்.

மருந்தில்லை என்று உறுதியானாலும் உரிமத்தை விசாரித்துவிடுங்கள். 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்த, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியை அலங்காரத்துக்கோ அபூர்வப் பொருளாகவோ சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கப் பிரிட்டிஷ் சட்டம் இடம் தருகிறது. சுட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்தச் சலுகை போய்விடும். தோட்டா போடும் பின்வாய்த் துப்பாக்கி என்றால் விதி வேறு. 2021இல் வந்த பழம்பொருள் ஆயுத விதிகளில் எந்தத் தோட்டா அளவுகள், எந்தப் பற்றுமுறைகள் பழம்பொருளாக ஏற்கப்படும் என்று பட்டியலே இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள், விற்காதீர்கள், இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

படம் எடுத்து எங்களைப் போன்ற அருங்காட்சியகங்களுக்கு அனுப்பி விவரம் கேட்பவர்கள் முழு நீளத்தையும் ஒரே படத்தில் அடக்கிவிடுகிறார்கள். அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. குழல்வாயை நேர் எதிரே பிடிக்காமல், மேலிருந்து அளவுகோலோடு ஒரு படம். பற்றும் இடத்தின் வலப்பக்கம் ஒரு படம். குழலின் பின்புறத்து முத்திரைகள், பக்கவாட்டில் டார்ச் அடித்து, இரண்டு மூன்று படம். கயிறு மாட்டும் காதுகள் ஒரு படம். கூடவே அது கிடைத்த ஊர், அங்கிருந்த படகுத் துண்டு ஏதாவது இருந்தால் அதுவும். இவ்வளவு வந்தால் துப்பாக்கியின் வயதையும் விட்டத்தையும் பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிட முடியும்.